அன்னலட்சுமி பேருல ஒரு வண்டி

அந்தக் கடுதாசி தேயிலைத் தோட்டத்து ஒபிஸ்ல பன்னெண்டு நாள் கெடந்துச்சு. தோட்டத்துல கடுதாசிக்கு என்னா அவசரம்? ஒபிஸ் மேசையில படுத்து எழும்பி, அந்தப் பக்கம் போறவங்க யாரு கையிலயாச்சும் ஏறி, மெதுவா லயத்து வீடுகளுக்கு வந்து சேரும். வேலைக்குக் கூப்பிட்ட கடுதாசி, அந்த வேலைய இன்னொருத்தன் பாக்க ஆரம்பிச்ச பெறகு வந்து சேர்ந்த தோட்டம் அது. தெமோதரைக்கு மேல, மூணு மைல் ஏறிப் போகணும். இந்தக் கடுதாசிய வாங்கிட்டு வந்த புள்ளைக்காரி ஒருத்தி, "அன்னலட்சுமி அக்கா, வெளிநாட்டுக் கடுதாசி போல இருக்கு"ன்னு கையில குடுத்துட்டு, என்னான்னு தெரிஞ்சுக்கிற ஆசையில வாசல்லயே நின்னா. அன்னலட்சுமி வாங்கி அரிசி டின்னு மேல வச்சுட்டு, கொழுந்துக் கூடைய எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

அவ அப்படித்தான். மூணு வருஷமா அப்படித்தான்.

பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் எப்படி இருக்கும்? தொட்டா தெரியும், கிள்ளுனா வலிக்காது. அன்னலட்சுமிக்கு உடம்பு பூரா அந்த மாதிரி ஆகிப்போச்சு, புருஷன் வடிவேல் செத்த நாள்ல இருந்து. சாவு வீட்டுல அவ அழல. அழாத பொண்டாட்டிய ஊரு சும்மா விடுமா? கட்டிப்புடிச்சு உலுக்குனாங்க, மாரடிச்சுக் காட்டுனாங்க, ஒரு கெழவி தொடையிலயே கிள்ளுனா. ம்ஹும். எட்டாம் நாளு காலையில, வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்கு வந்து நின்னா. கங்காணியே பயந்துட்டாரு. "ஏம்மா, ஒரு மாசம் இருந்துட்டு வந்தா என்னா?"ன்னாரு. "வீட்டுல என்னா வேல?"ன்னு கேட்டுட்டு மலைக்கு ஏறிட்டா. கை பாட்டுக்குக் கொழுந்து எடுக்கும், வாய் பாட்டுக்குச் சோறு திங்கும். மக மேனுஷா, தோட்டத்துச் சின்னப் பள்ளிக்கூடத்துல டீச்சர், ஒவ்வொரு நாளும் சொல்லுவா: "இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்காதம்மா, ஒரு வார்த்த திட்டவாச்சும் செய்." திட்டக்கூட அவளுக்கு ஒண்ணும் வரல.

அந்தி நேரம் மேனுஷாதான் கடுதாசியப் பிரிச்சா. இங்கிலீஷ்லயும் சிங்களத்துலயும் இருந்துச்சு, தமிழ்ல இல்ல. படிக்கப் படிக்க அவ மூஞ்சி மாறுச்சு.

"அம்மா, இது அப்பா வாடகைக்கு ஓட்டுன நம்ம வண்டியச் செஞ்ச கம்பனி போட்டது. அந்த வருஷத்து வண்டிங்க ஸ்டியரிங்குக்குள்ள எயார்பேக்னு ஒண்ணு இருக்காம். வண்டி மோதுனா பலூனா விரிஞ்சு ஓட்டுறவங்களக் காப்பாத்தணும். ஆனா உள்ள இருக்கிற இரும்புக் குப்பி பழசாயிருச்சாம். லேசா இடிச்சாலே அது வெடிச்சு, இரும்புத் துண்டு ஓட்டுறவங்க மூஞ்சியிலயும் கழுத்துலயும் தெறிக்குமாம். ஆளுங்க செத்திருக்காங்களாம். சும்மா மாத்திக் குடுக்குறாங்க. பதுளையில ஒரு கராஜ்ல பதினாலாம் தேதியும் பதினஞ்சாம் தேதியும் கேம்ப். வண்டியோட சொந்தக்காரர் நேர்ல வந்து கையெழுத்து வைக்கணுமாம்."

"வண்டிதான் வித்தாச்சே."

"வித்தோம். பேரு மாத்துனோமா?"

அங்கதான் இருக்கு சங்கதி. நம்ம பக்கத்துல பழைய வண்டி விக்கிற அழகே தனி. விக்கிறவங்க பேரு மாத்துற கடதாசியில கையெழுத்த மட்டும் வச்சு, வாங்குறவங்க பேர எழுதாமக் குடுத்துருவாங்க. ஓப்பன் பேப்பர்னு பேரு. வாங்குனவரு ஆறு மாசத்துல இன்னொருத்தருக்குத் தள்ளிவிடலாம், ஒபிஸ் ஒபிஸா அலைய வேணாம். அப்படியே வண்டி நாலு கை மாறும், பேரு மட்டும் மொத ஆளோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும். வடிவேல் செத்து முப்பது முடிஞ்ச மறுநாளே புரோக்கர் வந்து நின்னான். அன்னலட்சுமி காட்டுன எடத்துல கையெழுத்து வச்சா. வண்டி எறக்கத்துல போறத வாசல்ல நின்னுகூடப் பாக்கல. ஆனா அரசாங்கத்துக் கணக்குல அந்தச் சின்ன வெள்ள வண்டி இன்னமும் அன்னலட்சுமியோடதுதான். வாங்குனப்போ வடிவேலுதான், "உன் பேருல எழுதுவோம், உன் பேரு ராசி"ன்னு சொல்லி அவள ஒபிஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ராசி!

"கடுதாசியக் கிழிச்சுப் போட்ரும்மா. வேலியில போற ஓணான வேட்டிக்குள்ள விட்டுக்காத. எவன் ஓட்டுறானோ அவன் பாத்துக்கட்டும்"ன்னா மேனுஷா.

"அவனுக்குக் கடுதாசி வராதுல்ல"ன்னா அன்னலட்சுமி. கடுதாசிய முருகன் படத்துக்குப் பின்னால சொருகிட்டுப் படுத்துட்டா.

நாலு நாள் அது அங்கயே இருந்துச்சு. பதினாலாம் தேதி காலையில, மேனுஷா எழும்பிப் பாத்தா, அம்மா பெரட்டுக்குப் போற உடுப்புல இல்ல. நல்ல சேலை கட்டி, அடையாள அட்டையப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, "புரோக்கருக்குப் போனப் போடு. வண்டி யாருகிட்ட இருக்குன்னு கேளு"ன்னா. மூணு வருஷத்துல அவளா ஒண்ணு வேணும்னு கேட்டது அதுதான். மேனுஷா உடனே போனப் போட்டா. "பசறை டவுன்ல துணி விக்கிற மர்ஸூக்"னு இழுத்து இழுத்துச் சொன்ன புரோக்கர், வச்ச கையோட மர்ஸூக்குக்கும் ஒரு போன் போட்டான். "வண்டிக்காரி வர்றா. பேப்பர் அவ பேருல. பத்திரம்!" புரோக்கர் புத்தி வேற எப்படி இருக்கும்?

மகளுக்குப் பள்ளிக்கூடம். அதனால அன்னலட்சுமி தனியாத்தான் பதுளைக்கு பஸ் ஏறுனா. ஹாலி எலைக்கு முன்னால, வடிவேலோட வண்டி கடைசியா நின்ன அந்த வளைவு வந்துச்சு. அங்க வந்ததும் பையத் தெறந்து டிக்கெட்ட எடுத்துப் பாத்தா. வளைவு போன பெறகு டிக்கெட்ட உள்ள வச்சா. பதுளையில எறங்கி, பசறை பஸ் புடிச்சு, கெறக்கமா ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தப்போ மணி ஒம்பதரை.

மர்ஸூக் கடை சின்னக் கடை. கடைய மனைவி லரீபா பாத்துக்குவா. அவரு வண்டியில துணி மூட்டைய ஏத்திக்கிட்டு தோட்டந்தோட்டமாப் போய் விப்பாரு. அந்த வண்டி இல்லன்னா யாவாரமே இல்ல. அதனால புரோக்கர் போன வச்ச அஞ்சாவது நிமிஷம் வண்டி கடைக்குப் பின்னால போயிருச்சு, மேல ஒரு நீலத் தார்ப்பாய்ப் படங்கும் ஏறிருச்சு. ஆனா படங்கு பத்தல. பின்பக்கக் கண்ணாடி வெளிய தெரிஞ்சுச்சு. அதுல வடிவேல் ஒட்டுன "வேல் துணை" பாதி சொரண்டுனபடி இருந்துச்சு. அன்னலட்சுமி அதப் பாத்தா. ஒண்ணும் ஆகல. வண்டி இருக்கு, அவ்வளவுதான்.

"மொதலாளி, நான் தெமோதரை அன்னலட்சுமி. வண்டி விசயமா வந்தேன்."

"என்ன வண்டி? வண்டி சர்வீஸுக்குப் போயீக்கு." அவங்க பேச்சுல 'இருக்கு' எல்லாம் 'ஈக்கு'தான்.

"பின்னால நிக்குதே."

மர்ஸூக்குக்கு மூஞ்சி செவந்துருச்சு. மனுசன் கெட்டவரு இல்ல, பயந்தவரு. பயந்தவங்கதான் ரொம்பச் சத்தம் போடுவாங்க. "மூணு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கும்மா வந்தீங்க? பேப்பர் இன்னும் உங்க பேருல ஈக்குதுன்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். நான் ஹராமா சம்பாதிச்சு வாங்கல, வெளங்குதா? பொலிஸுக்குப் போனாலும் உங்க கையெழுத்து என்கிட்ட ஈக்கு!"

அவ கடுதாசிய நீட்டுனா. மர்ஸூக் சிங்களத்துல படிச்சாரு. ரெண்டு தரம் படிச்சாரு. கொஞ்சம் ஆடித்தான் போனாரு; ஆனா புடிச்ச முயலுக்கு மூணு கால்தானே? "இப்படி லெட்டர எவனும் அடிச்சுக்கலாம். கராஜுக்குள்ள வண்டியக் கொண்டுபோனா, சொந்தக்காரி நான்தான்னு எடுத்துட்டுப் போயிருவீங்க. நான் வாயில வெரல வச்சுட்டு நிக்கவா?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, தம்பி."

"ஓட்டத் தெரிஞ்சவங்க ஊருல இல்லையா?"

அது சரிதான்னு அவளுக்கும் தோணுச்சு. கடைப் படியில ஓரமா உக்காந்துட்டா. பத்து மணி ஆச்சு, பத்தரை ஆச்சு. துணி எடுக்க வந்தவங்க அவளச் சுத்திப் போனாங்க. மர்ஸூக் ரெண்டு தரம் "எழும்பிப் போங்கம்மா"ன்னாரு. "கேம்ப் நாலு மணிக்கு முடியும். நாளைக்கும் இருக்கு. நாளைக்கும் வருவேன்"னா. கோபமும் இல்ல, கெஞ்சலும் இல்ல. அதுதான் மர்ஸூக்குக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.

லரீபா ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்து பக்கத்துல வச்சுட்டு, அவளும் படியில உக்காந்தா. முப்பது வயசுக்காரி, வயித்துல ஆறு மாசம். "அக்கா, குடிங்க. வெயில்ல இரிக்கிறீங்க." வண்டிய ஓட்டுன புருஷன் செத்துத்தான் அது வெலைக்கு வந்துச்சுன்னு மட்டும் அவளுக்குத் தெரியும். பெறகு கேட்டா: "உங்க மாப்பிள்ள எப்படி மௌத்தானாரு?"

அன்னலட்சுமி டீயக் குடிச்சுக்கிட்டே சொன்னா. கட மொதலாளிக்குச் சாமான் பேரு சொல்ற மாதிரித்தான் சொன்னா.

"பதுள ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பச்ச ஒடம்புக்காரிய, கொழந்தையோட ஏத்திக்கிட்டு வந்தாரு. ஹாலி எல தாண்டி வளைவுல நெஞ்சப் புடிச்சிருக்கு. வண்டிய ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்க இழுத்து, பின்னால வர்ற வண்டிக்குத் தெரியட்டும்னு நாலு பக்கமும் சிக்னல் லைட்டப் போட்டிருக்காரு. 'கொஞ்சம் இருங்க தங்கச்சி'ன்னு சீட்டுல சாஞ்சாராம். அவ்வளவுதான். கொழந்தையோட தூக்கங்கூடக் கலையலையாம். ஊரெல்லாம் சொன்னாங்க, ஒருத்தருக்கும் சேதமில்லாம வண்டிய நிப்பாட்டிட்டுத்தான் போனான்னு."

"யா அல்லாஹ்."

"நான் பஸ்ஸுல வந்து எறங்குனப்ப அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. வண்டி மட்டும் நின்னுச்சு. டிக் டிக்குன்னு நாலு லைட்டும் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. பொலிஸ்காரரு சாவிய எடுத்துட்டுப் போயிட்டாரு, அப்பயும் நிக்கல. யாரும் ஒரு கதவுகூடத் தெறந்து பாக்கல. எனக்கு எத அமுக்குறதுன்னு தெரியாது. வண்டிக்குக் காவலா நின்னுக்கிட்டு ஒரு மணி நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். பெறகு மச்சாண்டார் வந்து என்னக் கூட்டிட்டுப் போனாரு. அப்பவும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது." கோப்பையக் கீழ வச்சா. "படுத்தா இன்னமும் கேக்கும், தங்கச்சி. வேற ஒண்ணும் இல்ல. உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணுன்னா நீயும் ரோட்டுல போய் நிக்கணும். அப்படி ஆகக்கூடாதுன்னுதான் வந்தேன்."

லரீபா கோப்பைய எடுத்துக்கிட்டா. உள்ள எழும்பிப் போனா. போனதும் சத்தம் மட்டும் வெளிய வந்துச்சு.

"சாவியத் தாங்க."

"ஏன்டி?"

"வண்டி கராஜுக்குப் போகும், இல்லன்னா இங்கயே நிக்கும். எவனோ ஒரு புரோக்கர் பேச்சக் கேட்டு என்ன ரோட்டுல நிப்பாட்டப் பாக்குறீங்களா? அந்தப் பொம்பள வண்டி புடிக்க வந்தவங்க மாதிரியா ஈக்கு?"

"அவங்க மாப்பிள்ள எங்க மௌத்தானாராம்?"

"உங்க சீட்லதான்."

புரோக்கர் அதச் சொல்லல. சொல்லுவானா? மர்ஸூக் பேயறைஞ்ச மாதிரி வெளிய வந்து, படங்க இழுத்துக் கீழ போட்டாரு. லரீபாவும் கடைய மூடிட்டு வண்டியில ஏறிட்டா.

பசறை ரோட்டுல அன்னிக்கு அவரு ஓட்டுன ஓட்டத்த நீங்க பாத்திருக்கணும். மனுசன் தலைய ஆமை மாதிரி உள்ள இழுத்துக்கிட்டு, கைய நீட்டி, ஸ்டியரிங்க வெரல் நுனியில புடிச்சிருக்காரு. ஹோர்னும் அந்த ஸ்டியரிங்கு நடுவுலதான? தொடமாட்டேன்னுட்டாரு. வளைவுக்கு வளைவு பஸ் வர்ற ரோடு அது.

"ஹோர்ன் அடிங்க!"

"நீ வந்து அடி!"

கடைசியில பின்சீட்டுல இருந்த லரீபாதான் ஒவ்வொரு வளைவுலயும் ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டி, "ஓய்! வண்டி வருது! ஓய்!"ன்னு கத்திக்கிட்டே வந்தா. கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க நிமுந்து பாத்து சிரிச்சாங்க. அன்னலட்சுமி முன்சீட்டுல மர்ஸூக் பக்கத்துல நேராப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. சிரிக்கணும்னு அவளுக்குத் தெரிஞ்சுச்சு, ஆனா சிரிப்பு வரல. கராஜுக்குத் திரும்புற எடத்துல மர்ஸூக் சிக்னலப் போட, டிக் டிக்குன்னு ஒரு நொடி கேட்டுச்சு. அவ பையோட வாய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

கராஜ்ல அஞ்சாறு வண்டி முன்னால நின்னுச்சு. மேசையில இருந்தவரு அடையாள அட்டையப் பாத்தாரு, கடுதாசியப் பாத்தாரு, நம்பரப் பாத்தாரு. "சொந்தக்காரர் நீங்களா?"

"கடதாசியில நான். வண்டி இவங்களோடது."

மர்ஸூக் அந்தப் பக்கம் திரும்பித் தொண்டையக் கனச்சுக்கிட்டாரு. அவ ரெண்டு எடத்துல கையெழுத்து வச்சா.

மெக்கானிக் ஒரு சிங்களவரு, கொஞ்சம் தமிழ் பேசுவாரு. மொதல்ல பெட்டரி வயரக் கழட்டுனாரு, கொஞ்ச நேரம் ஆறப் போட்டாரு. "கிட்ட வராதீங்க அம்மா, இது நல்ல சாமான் இல்ல"ன்னுட்டு ஸ்டியரிங்கு நடு மூடியோட சேத்து அந்தப் பொட்டலத்தக் கழட்டி எடுத்தாரு. அந்த மூடியில மங்கலா ஒரு செவப்பு வட்டம். வடிவேல் தெனமும் காலையில வண்டிக்குச் சூடங்காட்டி, துண்ணூறு பூசிக் குங்குமம் வச்ச எடம். வெடிக்கிற சாமானுக்கு மேலதான் மனுசன் அத்தன வருஷமும் பொட்டு வச்சிருக்காரு!

"மூணு தரம் ஷாம்பூ போட்டுக் கழுவினேன், போகல"ன்னாரு மர்ஸூக், மன்னிப்புக் கேக்குற மாதிரி. "பெறகு போகட்டும்னு விட்டுட்டேன்."

லரீபா அன்னலட்சுமியோட மூஞ்சியப் பாத்தா, இப்ப அழுவாங்கன்னு. மெக்கானிக் அதப் பெட்டியில வச்சு, டேப் ஒட்டி, நம்பர் எழுதி, மத்தப் பெட்டிங்களோட அடுக்குனாரு. அன்னலட்சுமி பாத்துக்கிட்டே நின்னா. பொட்டு போகுதுன்னு தெரிஞ்சுச்சு. அழுக வரல. தன் மேலயே அவளுக்கு வெறுப்பா இருந்துச்சு. நான் என்னா பொம்பள, கட்டையான்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டா.

புதுசு மாட்டியாச்சு. மெக்கானிக் பெட்டரி வயரத் திரும்பப் பூட்டி, உள்ள உக்காந்து ஒவ்வொண்ணாச் சோதிச்சாரு. ஹோர்ன அடிச்சாரு, மர்ஸூக் துள்ளிட்டாரு. ஹெட்லைட், எடது பக்கம், வலது பக்கம். பெறகு நாலு பக்கமும் ஒண்ணா. அந்த நேரம் பாத்து அடுத்த வண்டிக்காரன் கூப்பிட, "பொட்டக் இன்ன, கொஞ்சம் இருங்க"ன்னுட்டு, போட்டத அணைக்காம, கதவையும் தெறந்தபடி விட்டுட்டுப் போயிட்டாரு.

வெள்ள வண்டி. உள்ள யாரும் இல்ல. நாலு லைட்டும் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. டிக். டிக். டிக்.

அன்னலட்சுமி இருந்த எடத்துலயே நின்னுட்டா. லரீபா வந்து கையத் தொட்டா.

"அக்கா?"

"இத எப்படி நிப்பாட்டுறது?"

மர்ஸூக் முன்னால வந்தாரு. "அது ஒண்ணுமில்லம்மா, இந்தா…" லரீபா அவரு சட்டையப் புடிச்சுப் பின்னால இழுத்தா. "நீங்க தொடாதீங்க. எங்க ஈக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"நடுவுல, செவப்பு முக்கோணம் போட்ட பொத்தான். ஒருக்கா அமுக்குனாப் போதும்."

அன்னலட்சுமி செருப்பக் கழட்டிட்டு, தெறந்த கதவு வழியா உள்ள ஏறுனா. அத்தன வருஷத்துல அந்த சீட்டுல அவ உக்காந்ததே இல்ல. பொத்தான் கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு, செவப்பா, மினுங்கிக்கிட்டு. வெரல வச்சு அமுக்குனா.

சத்தம் நின்னுருச்சு.

அவ கைய எடுக்கல. காத வச்சுக் கேட்டா. ஒண்ணுமில்ல. அடுத்த வண்டியில எவனோ சுத்தியலால தட்டுறது மட்டும் கேட்டுச்சு.

"இம்புட்டுத்தானா?"ன்னா. "இம்புட்டுத்தானா தங்கச்சி? ஒரு வெரலுதானா?"

அப்பறம்தான் அது வந்துச்சு. மூணு வருஷமா எங்க கெடந்துச்சோ, அடிவயித்துல இருந்து கெளம்பி வந்துச்சு. கராஜே வேலைய விட்டுட்டுத் திரும்பிப் பாக்குற மாதிரி அழுதா. மெக்கானிக் ஓடி வந்து, "என்ன அம்மா, பயமா? இனி ஒண்ணும் ஆகாது, சுத்தமா மாத்தியாச்சு"ன்னாரு. மர்ஸூக் அவரத் தோள்ல புடிச்சு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனாரு. லரீபா வயித்தப் புடிச்சுக்கிட்டு வண்டிக் கதவோரம் குந்தி, அவ முழங்கால்ல கைய வச்சுக்கிட்டு இருந்தா.

அன்னலட்சுமி புது மூடி மாட்டுன ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, புருஷன் பேரச் சொல்லாத வாயால அவரக் கூப்பிட்டா.

"ஏங்க… நின்னுருச்சுங்க. ஏங்க, நின்னுருச்சுங்க."